பறக்கும்போது போட்ட அப்டேட்

கேப்டன் அதுவரை நிஜ விமானம் எதிலும் ஏறியதில்லை. கடைத்தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். லென்ஸ் தேய்ப்பதும் அதைச் சட்டத்தில் பொருத்துவதும்தான் தொழில். கேப்டன் என்பது மச்சினன் கிண்டலாக வைத்த பெயர். கிண்டல் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன பிறகு அவளுடைய அறைக்கு, கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் குடிவந்தது. அவள் படித்த மேசையில் விமானத்தின் கைப்பிடியைத் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார். மேசைமேல் மூன்று திரைகள். உட்காருவதற்கு, பழைய வேன் ஒன்றிலிருந்து கழற்றிய ஓட்டுநர் இருக்கை, சீட் பெல்ட்டோடு. பெல்ட் போடாமல் அவர் இன்ஜினைத் தொட்டதில்லை.

இப்படிப் பெருங்கடல்களைப் பலமுறை தாண்டிய மனிதருக்கு நிஜ விமானம் என்றால் பயம். பேத்தி பிறந்ததிலிருந்து இரண்டு முறை டிக்கெட் போட்டார்கள். ஒரு முறை அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை கடைக்கு அவசரமாகச் சரக்கு வந்தது. பேத்தி இப்போது நடக்கிறாள். தாத்தா என்றால் கைபேசிக்குள் இருக்கும் ஒரு நெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மூன்றாவது டிக்கெட் அன்று மாலைக்கு. மனைவி முந்தின நாளே சொல்லிவிட்டாள்.

"நீங்க வரலேன்னாலும் நான் போறேன். தாத்தா எங்கன்னு குழந்தை கேட்டா, வானத்துல இருக்கார்னு சொல்லிடறேன். பொய்யும் இல்ல பாருங்க."

"வரமாட்டேன்னு யார் சொன்னா?"

"உங்க இடுப்பு இன்னும் சொல்லல. சொல்லுமான்னு பார்க்கறேன்."

மனைவிக்குப் பேருந்து நிலையத்தில் வேலை, பயணிகள் புகார்ப் பிரிவில். சாக்குப்போக்கு எதுவாக இருந்தாலும் அது வாயிலிருந்து வருவதற்கு முன்னால் கண்ணில் வந்துவிடும் என்பாள்.

அன்று காலை அவர் ஒரே ஒரு சின்னப் பயணம் என்று சொல்லி இருக்கையில் ஏறினார். மதியத்துக்குள் இறக்கிவிடலாம். மேகத்துக்கு மேலே போய்த் தானியங்கியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நடுத்திரையில் ஒரு பெட்டி முளைத்தது. விமானத்தில் பயணிகளை ஏற்றுவதற்கென அவர் தனியாக வாங்கிப் போட்டிருந்த 'பயணிகள்' ஆட்-ஆனுக்கு அப்டேட் வந்திருக்கிறது, கதவுப் பிரச்சினை சரிசெய்யப்பட்டது என்றது அது. அவருடைய கதவுகளில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை. ஆனால் தீர்ந்துவிட்ட பிரச்சினை ஒன்று தன்னிடம் தீராமல் இருக்கிறது என்று கேள்விப்பட்ட பிறகு எப்படிச் சும்மா இருப்பது? 'சரி' என்பதை அழுத்தினார். பறந்துகொண்டிருக்கும்போதே.

இன்ஜின் சத்தம் முழுவதும் வலது காதுக்குப் போயிற்று. உயரம் காட்டும் முள் காணாமல் போய், சற்று நேரம் கழித்து எதுவும் நடக்காததுபோலத் திரும்பி வந்தது. இதற்கெல்லாம் அவர் அசருகிற ஆள் இல்லை. முன்பு ஒரு அப்டேட்டில் விமானி அறைக்குள் மழை பெய்தது. இன்னொன்றில் ஏரிகள் எல்லாம் செங்குத்தாக எழுந்து தூண்களாக நின்றன. புகார் எழுதியபோது, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டக் கற்றுக்கொண்டார்.

அழகாகத்தான் தரையிறக்கினார். நிறுத்துமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தினார். கதவு திறக்கவில்லை. 'ஏரோபிரிட்ஜ் பொருத்தப்படவில்லை' என்று எழுத்து வந்தது. விமானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே நீளும் அந்த நடைகூண்டை அழைத்தார். 'கதவு திறக்கப்படவில்லை' என்று அது மறுத்தது. அப்டேட்டுக்குப் பிறகு இதற்கு அது வேண்டும், அதற்கு இது வேண்டும். படிக்கட்டு வண்டியைக் கூப்பிட்டார். அது வந்து விமானத்தைச் சுற்ற ஆரம்பித்தது, கோயில் பிரகாரம் சுற்றுவதுபோல, நிற்கவே இல்லை.

இணைய மன்றத்தில் தேடினார். இதே பிரச்சினை பலருக்கும் இருந்தது. எனக்கும், எனக்கும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒருவர், 'தீர்ந்துவிட்டது, நன்றி' என்று எழுதியிருந்தார். எப்படித் தீர்ந்தது என்று எழுதவில்லை. அவருக்குக் கீழே நாற்பது பேர் எப்படி, எப்படி என்று கேட்டு நின்றார்கள்.

மதியம் தாண்டியது. மனைவி பெட்டிகளைக் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

"இடுப்பா?"

"கதவு. உள்ள நூத்தம்பது பேரு மாட்டிக்கிட்டாங்க. இறக்கிவிடாம அணைச்சா, பயணிகளைக் கைவிட்டதா பதிவாயிடும். சிமுலேட்டர் கிளப்புல குடுத்த லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"இல்லாத மனுஷங்களை இறக்கிவிடாம, இருக்கிற பேத்தியைப் பார்க்க வரமாட்டீங்க. அப்படித்தானே?"

அவர் பதில் சொல்வதற்குள் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. புதிய அப்டேட்டில் பயணிகளுக்கு நம் மொழியும் வந்திருந்தது.

"மதிப்பிற்குரிய விமானியே, எனது சிறுநீர்ப்பை முழுமையடைந்துள்ளது."

மனைவி அறைக்குள் வந்தாள். "யாரு இது?"

"பதினாலாவது வரிசை."

இன்னொரு குரல், ஆணுடையது: "எனது பொறுமை காலாவதியாகிவிட்டது. அருகில் குழந்தை அழுகை நிகழ்ந்துகொண்டிருக்கிறது. தயவுகூர்ந்து ஆவன செய்யவும்."

மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருட வேலையில் அவளை யாரும் மதிப்பிற்குரிய என்று அழைத்ததில்லை. தயவுகூர்ந்து என்று ஒரு புகார்கூட முடிந்ததில்லை. ஒருவர் அவள் மேசையிலிருந்த மின்விசிறியையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"எவ்வளவு தன்மையா கேக்கறாங்க," என்றாள். "இவங்களை இப்படியே போட்டுட்டுப் போக முடியுமா? அந்த மைக்கை இப்படிக் குடுங்க."

"நீ என்ன பேசப்போற?"

"என் வேலையை நான் பார்க்கறேன். உங்க வேலையைத்தான் நீங்க பார்க்கல."

தலையில் மாட்டும் மைக்கை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "பயணிகள் கவனத்துக்கு. தொழில்நுட்பக் காரணம்னு எல்லாம் நான் சொல்லமாட்டேன். இந்தக் கோளாறுக்குக் காரணம் என் வீட்டுக்காரர். பறக்கும்போது அப்டேட் போட்டிருக்கார். இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்கார், எங்கயும் ஓடிடமாட்டார். குழந்தை வச்சிருக்கிறவங்க காத்தாடப் பின்பக்கம் போங்க. பதினாலாவது வரிசை அம்மா முதல்ல பாத்ரூம் போகட்டும், யாரும் குறுக்க நிக்காதீங்க."

திரையின் மூலையில் பயணிகளின் திருப்தியைக் காட்டும் பச்சைக் கோடு எலிவால் அளவுக்குச் சுருங்கியிருந்தது; இப்போது மெல்ல நீண்டது. இவ்வளவு நீளமாக அதைக் கேப்டன் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில் மச்சினன் வந்து சேர்ந்தான். லிஃப்ட் மெக்கானிக்; இவர்களை விமான நிலையத்துக்கு அழைத்துப்போகத் தன் வேனோடு வந்திருந்தான். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் சட்டைக் கையை மடித்தான்.

"எத்தனை பேரு மச்சான் உள்ள?"

"நூத்தம்பது."

"நான் லிஃப்ட்லேருந்து அதிகபட்சம் பதினோரு பேரை எடுத்திருக்கேன். அதுல ஒருத்தர் கல்யாண மாப்பிள்ளை." திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். படிக்கட்டு வண்டி சுற்றிக்கொண்டிருந்தது. "இந்த மாடியில கதவு திறக்கல. அவ்வளவுதானே? அடுத்த மாடிக்குக் கொண்டுபோங்க. அங்க திறக்கும்."

"இது லிஃப்ட் இல்ல மாப்ள."

"மேல போகுது, கீழ வருது. வேற என்ன?"

அதில் தப்பு எதுவும் கேப்டனுக்குத் தென்படவில்லை. அப்டேட்டில் கெட்டுப்போனது இந்த நிலையத்தின் நடைகூண்டு மட்டும்தான் என்றால், வேறு நிலையத்தில் இறங்கிவிடலாம்.

"எங்க கொண்டுபோறது?"

"நம்ம பொண்ணு இருக்கிற ஊருக்கு," என்றாள் மனைவி. "நாமளும் அங்கதானே போறோம்."

"அதுக்கு எரிபொருள் நிரப்பணும். லாரி வரணும். அதுக்குள்ள நம்ம ஃப்ளைட்டுக்கு நேரமாயிடுமே." சொல்லும்போது அவர் குரலில் லேசான நிம்மதி இருந்தது. மனைவி அதைக் கவனித்தாள்.

"இவன் ஓட்டட்டும்," என்றாள். "நீங்க போன்ல சொல்லிக் குடுங்க. நாம டாக்ஸியில போயிக்கலாம்."

"இவனா?"

"ஏன் மச்சான், எங்கிட்ட லைசென்ஸ் இல்லையா?" என்று மச்சினன் கேப்டனை எழுப்பிவிட்டு அந்த ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். "பெல்ட் எங்க இருக்கு?"

கேப்டனுக்கு இப்போது இரண்டே வழிகள். நூற்றைம்பது பேரையும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை நம்பி விட்டுவிடுவது, அல்லது வழி முழுக்க அவனுக்குச் சொல்லிக்கொண்டே போவது. டாக்ஸி கிளம்பித் தெருமுனை திரும்புவதற்குள் போனில் அவனைத் திட்ட ஆரம்பித்திருந்தார்.

"அந்தச் சிவப்பைத் தொடாதே. அது தீயணைக்கிறது."

"தொட்டுட்டேன் மச்சான்."

"சரி, மறுபடியும் தொடு."

அப்டேட்டுக்குப் பிறகு எரிபொருள் லாரி நடந்துபோகிறவன் வேகத்தில் வந்தது. டாக்ஸி பெரிய சாலைக்கு வந்தபோது லாரி பாதி தூரம்தான் கடந்திருந்தது. விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டபோது குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். மனைவி இரண்டு பாஸ்போர்ட்டையும் தானே நீட்டினாள், இரண்டு பேருக்குமான கேள்விகளுக்குத் தானே பதில் சொன்னாள். கேப்டன் பின்னால் நின்று ஃப்ளாப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். இறக்கையின் பின்பக்கம் கீழே மடங்கவில்லை என்றால் விமானம் எழும்பாது, பேருந்து மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும்.

சோதனை வாசலில் கைபேசியைத் தட்டில் வைக்கச் சொன்னார்கள். இணைப்பைத் துண்டிக்க மனமில்லாமல் அப்படியே வைத்தார். எந்திரத்துக்குள் தட்டு போகும்போது அதிலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"மதிப்பிற்குரிய விமானியே, நாங்கள் எப்போது விடுவிக்கப்படுவோம்?"

பாதுகாப்பு அதிகாரி தட்டுகளை நகர்த்தும் பட்டையை நிறுத்தினார். அகலமான தோள், ஒட்ட வெட்டிய தலை. கேப்டனை ஏற இறங்கப் பார்த்தார்.

"யார் அது?"

"பொம்மைங்க சார்," என்றாள் மனைவி. "கம்ப்யூட்டர்ல ஓட்டற விமானம். கதவு திறக்கல."

அதிகாரியின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். "பயணிகள் ஆட்-ஆனா? புது அப்டேட்டா?"

"ஆமா சார்."

"படிக்கட்டு வண்டி சுத்துதா?"

"சுத்துது சார்."

"எனக்கும் சுத்துச்சு. 'தீர்ந்துவிட்டது, நன்றி'ன்னு மன்றத்துல போட்டது நான்தான்."

கேப்டன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படித் தீர்ந்துச்சு சார்?"

"கம்ப்யூட்டரை வித்துட்டேன்," என்றார் அதிகாரி. தட்டைத் தள்ளிவிட்டு, "இப்ப நல்லாத் தூங்கறேன்," என்றும் சொன்னார்.

விமானத்துக்கு அழைத்தார்கள். வரிசை நகர்ந்தது. கேப்டன் கைபேசியைக் காதில் அழுத்திக்கொண்டு, வலது இன்ஜினை முதலில் கிளப்பு, முள் பாதிக்கு வரட்டும், பொறு, பொறு, இப்போது இடது என்று சொல்லியபடியே நடந்தார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து, பார்வையில்லாதவரை அழைத்துப்போவதுபோல, நடைகூண்டின் வளைவுகளில் திருப்பித் திருப்பிக் கொண்டுபோனாள். வாசலில் வணக்கம் சொன்ன பணிப்பெண்ணுக்கு, "எண்ணெய் அழுத்தம் எவ்வளவு காட்டுது?" என்று பதில் சொன்னார். ஜன்னலோரம் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் கைகள் பழக்கத்தில் பெல்ட்டைத் தேடி மாட்டிக்கொண்டன.

"பார்க்கிங் பிரேக்கை எடு," என்றார். "மெதுவா. தானா நகரும்."

"நகருது மச்சான். படிக்கட்டு வண்டி கூடவே வருது."

"வரட்டும், பிடிக்க முடியாது. மஞ்சள் கோட்டுல போ. இடப்பக்கம் திரும்பு. அக்கா பேசின மாதிரி நீயும் ரெண்டு வார்த்தை பேசு, பாவம் பயந்திருப்பாங்க."

"பேசிட்டேன். நகர்வுக்கு நன்றின்னு சொல்றாங்க."

கேப்டனுக்குக் கண் கலங்கியது. கண்ணை மூடிக்கொண்டால் மூன்று திரைகளும் அவருக்கு அப்படியே தெரிந்தன. மஞ்சள் கோடு, திருப்பம், இன்னொரு திருப்பம், நேராக நீண்டு கிடக்கும் பாதை. இரண்டு லீவரையும் சேர்த்து முன்னால் தள்ளத் தயாராக இரு என்றார். யாரோ தோளைத் தொட்டார்கள். பணிப்பெண்.

"சார், போனை அணைச்சிடுங்க. இத்தோட மூணாவது தடவை சொல்றேன்."

"ஒரே நிமிஷம்மா. ஓடுபாதையில நிக்கறோம்."

"நாமளும்தான் சார்."

கேப்டன் கண்ணைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே புல்வெளி. அதன் ஓரத்தில் வரிசையாக விளக்குகள். மனைவி அவர் கையிலிருந்து கைபேசியை எடுத்து, "தம்பி, தள்ளுடா," என்று மட்டும் சொல்லி அணைத்துப் பைக்குள் போட்டாள். பணிப்பெண் ஓடிப்போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"கதவை எப்ப மூடினாங்க?" என்றார் கேப்டன்.

"நீங்க பிரேக்கை எடுக்கச் சொன்னீங்களே, அப்ப."

"இறங்க முடியாதா?"

"முடியாது."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வளையல் அழுந்தியது. இருக்கை முதுகில் இடிக்க ஆரம்பித்தது. சத்தம் இரண்டு காதிலும் சமமாக ஏறியது.

"யாரு ஓட்டறாங்கன்னே தெரியலியே."

"அங்க நூத்தம்பது பேரு என் தம்பியை நம்பி உக்காந்திருக்காங்க," என்றாள் அவள். "நீங்க உக்கார மாட்டீங்களா?"

அவர் மறு கையால் பெல்ட்டை இன்னும் இழுத்து இறுக்கினார். அதற்குள் சக்கரங்கள் தரையை விட்டிருந்தன.