அக்காவின் ஆஸிலேட்டர்

அக்காவால் உட்காரவே முடியவில்லை. காபி மெஷினுக்கும் நாற்காலிக்குமாக நடையாய் நடந்தாள். சாயங்காலத்துக்குள் தம்பியின் சர்க்யூட் ஓடியாக வேண்டும்; இல்லாவிட்டால் அவன் வேலை போய்விடும். சிபாரிசு பண்ணிச் சேர்த்துவிட்டவளே இவள்தான்.

சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷனில், அலை எழுப்பும் பாகமாக இவள் எழுதிய ஆஸிலேட்டரைத்தான் அந்த ஆபீசே பயன்படுத்தியது. வோல்டேஜை ஏற்றினால் அலை வேகமாகத் துடிக்கும், இறக்கினால் மெதுவாகும். அந்த வோல்டேஜை ஏற்றி இறக்கி, அலையை ஒரே சீராக நிறுத்துவது தம்பியின் சர்க்யூட். அதுவோ நிற்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அக்கா, உன் ஆஸிலேட்டரையும் ஒருவாட்டி பாத்துடலாமா?" என்று காலையில் கேட்டான், பாவம்.

"எத்தனை வருஷமா ஓடுது அது! முதல்ல உன் கணக்கைப் பாருடா," என்று எரிந்து விழுந்தாள். அவன் திரும்பிப் போய்க் கணக்கை மறுபடி போட ஆரம்பித்தான்.

மத்தியானம் மனசு கேட்கவில்லை. தம்பியின் சர்க்யூட்டைக் கழற்றிவிட்டு, ஆஸிலேட்டருக்கு மட்டும் வோல்டேஜைத் துளி ஏற்றிப் பார்த்தாள். சிமுலேஷன் ஓடத் தொடங்கியதுமே ஏற்றியபோது அலை சாதுவாக இருந்தது. அதே துளியை ஓடி முடியும் நேரத்தில் ஏற்றியபோது எகிறிக் குதித்தது. அட கடவுளே! அந்தந்த நொடியின் வேகத்தை, ஆரம்பத்திலிருந்து ஓடிய மொத்த நேரத்தாலும் பெருக்கி எழுதி வைத்திருந்தாள். இப்போதுதான் வேகமெடுத்த பஸ், காலையிலிருந்தே அந்த வேகத்தில் ஓடியதாகக் கணக்குப் போட்டால் உருப்படுமா? ஓடிய தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே அல்லவா வரவேண்டும்! இத்தனை நாளும் எல்லோரும் வோல்டேஜை அசைக்காமலே ஓட்டியதால் குட்டு வெளிப்படவில்லை.

ஒரே ஒரு வரியை மாற்றினாள். தம்பியின் சர்க்யூட்டை மறுபடி மாட்டினாள். அலை சமர்த்தாக நின்றது. மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"சார், தப்பு என்னோடது!"

"உங்க தம்பி இப்பதானே எழுதிக் கொடுத்துட்டுப் போனான்? என் டிசைன்தான் தப்பு, வேலையிலேர்ந்து விலகிக்கறேன்னு."

"அந்தப் பேப்பரைக் கிழிங்க சார்!" என்று கத்திவிட்டு வெளியே பாய்ந்தாள்.

லிஃப்ட் வாசலில் பையோடு நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உன் கணக்கு சரிடா மடையா! ஏன்டா எழுதிக் கொடுத்தே?"

"திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன்க்கா. சரியாத்தான் வந்துச்சு." அவன் கண் கலங்கியது. "ஆனா நீ அவ்ளோ கோபமா சொன்னப்ப, எனக்குத்தான் எதுவும் தெரியலேன்னு நினைச்சுட்டேன்."