காற்றுக்கூண்டின் பின்பக்கம்

ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் காத்துமாமா என்றுதான் கூப்பிடுவார்கள். கார், விமானம், பந்து, எதன் மாதிரியைக் கொடுத்தாலும் காற்றுக்கூண்டுக்குள் தொங்கவிட்டு, விசிறியைச் சுழற்றி, அது எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

அவருடைய மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில் தற்காலிக ஊழியர். அங்கே கிரிக்கெட் அணியில் பேட்ஸ்மேன். சனிக்கிழமை ஆட்டத்தில் நின்று ஆடினால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மாமா சும்மா இருப்பாரா? எதிரணி பௌலர் போடுகிற மாதிரியே ஒருபக்கம் தேய்ந்த பந்தை எடுத்து, கூண்டின் முன்னால் நின்று, தையலைச் சாய்த்து மாட்டினார். முன்கண்ணாடி வழியாக ஒருவர்தான் பார்க்க முடியும். வீட்டு மாப்பிள்ளையாச்சே என்று அவரை அங்கே நிறுத்திவிட்டு, தான் பின்பக்கக் கண்ணாடிக்குப் போய் விசிறியைப் போட்டுப் பார்த்தார்.

“தையல் உங்க பக்கம் சாஞ்சிருந்தா பந்து வெளியே போகும். தொடாதீங்க, விட்டுடுங்க.”

“எனக்கு உள்ளே வர்ற மாதிரி தெரியுதே, மாமா?”

“உங்க கண்ணு பெரிசா, என் மிஷின் பெரிசா?”

மாப்பிள்ளை சரியென்று தலையாட்டினார்.

சனிக்கிழமை, மாமா சொன்ன மாதிரியே தையல் மாப்பிள்ளை பக்கம் சாய்ந்து ஒரு பந்து வந்தது. மாப்பிள்ளை மட்டையைத் தூக்கி விட்டுவிட்டார். பந்து சமர்த்தாக உள்ளே வளைந்து ஸ்டம்பைப் பிடுங்கி எறிந்தது.

“பந்தை வழியனுப்பி வைக்கிறான் பாரு! இவனுக்கா நிரந்தரம்?” என்று மேலாளர் சிரித்தார். மைதானமே சிரித்தது.

ஆட்டம் பார்க்க வந்து உட்கார்ந்திருந்த மாமாவுக்கு அந்த நொடியில் பொறி தட்டியது. தையலைச் சாய்த்தபோது பேட்ஸ்மேன் நிற்கிற பக்கம் நின்றார். ஒதுங்கியதைப் பார்த்தபோது பௌலர் பக்கம் நின்றார். இடது வலதாகிவிட்டது. சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு! எழுந்து போய் மேலாளரிடம் சொல்லியிருக்கலாம். கால் வரவில்லை. முகம் துடைக்கிற சாக்கில் கைக்குட்டைக்குள் ஒளிந்துகொண்டார்.

வீட்டில் மகள் புருஷனைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். “அப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லியும் கோட்டை விட்டுட்டு வந்திருக்கீங்களே!”

“மாமா சரியாத்தான் சொன்னாரு. நான்தான் பதட்டத்துல மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன்.”

மாமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. “இல்லம்மா, அது வந்து...” என்று ஆரம்பித்தார்.

“சாப்பிடுங்க மாமா, ஆறிடப் போகுது,” என்றார் மாப்பிள்ளை, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மாமா தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டார். உப்பு, காரம் ஒன்றும் தெரியவில்லை. அதைவிடக் கேவலம், அவருக்கு அப்பாடா என்று இருந்தது.