யாருடைய இடது

…ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், இல்லை, வரிசை சரியாகத்தான் இருக்கிறது, எட்டுக் கம்பியும் முனையைத் தொட்டிருக்கின்றன, மூன்றாவது முறையாக வெட்டி மூன்றாவது முறையாகச் செருகி அமுக்கியிருக்கிறேன், கேபிள் சோதனைக் கருவியில் ஒன்றிலிருந்து எட்டு வரை விளக்குகள் ஒழுங்காக ஓடுகின்றன, சர்வரின் முதுகில் இரண்டு பச்சை விளக்கும் எரிகின்றன, பிறகு ஏன் கவுன்ட்டர் லைனில் மாட்டிய அண்ணனின் லேப்டாப்புக்கு அது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது… காலையில் பழைய சாம்பல் நிறக் கேபிள்களைப் பிடுங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்ததுதானே, புதுசு மாட்டியதும் வாயை மூடிக்கொண்டது, கோபித்துக்கொண்ட மாமியார் மாதிரி. முழங்கால் மரத்துப்போய்விட்டது. சர்வர் வைத்திருக்கும் இந்த அலமாரி இடுப்பு உயரம், அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி, அதற்குள் நுழைய எங்கள் இரண்டு பேரில் என்னால்தான் முடியும், அதனால்தான் எனக்கு எலி என்று பெயர், அதனால்தான் என்னை வேலைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறான். "எலி, உயிரோட இருக்கியா?" என்று முன்பக்கத்திலிருந்து கேட்டான். இருக்கேண்ணா. "அப்போ சர்வர் மட்டும் ஏன் செத்துக் கெடக்கு?" சிரிப்பு வரவில்லை, அவனுக்கும் வந்திருக்காது, பேச வேண்டுமே என்று பேசுகிறான்.

வெளியே கவுன்ட்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது, ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், இப்போது பன்னிரண்டு தாண்டியிருக்கும், எல்லாருடைய முடிவும் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது, என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், ஆனால் கவுன்ட்டர் கம்ப்யூட்டருக்கு எட்டவில்லை. இந்த ரத்தப் பரிசோதனை லேபை நடத்துகிற மேடம் கதவருகே வந்து நின்றார், அவருடைய செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. "இன்னிக்கு வருமா, இல்ல வேற ஆளைக் கூப்பிடவா? வெளியில ஒரு அம்மா அழறாங்க." அஞ்சே நிமிஷம் மேடம் என்றான் அண்ணன். அவனுடைய அஞ்சு நிமிஷத்துக்கு முள்ளே கிடையாது. பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி போட்ட முனையத்தான் திரும்பப் பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றான். அலமாரிக்குப் பின்னால் இருப்பவளுக்குக் காது இருக்காது என்று நினைத்துக்கொள்கிறார்கள்… போன மாதம் நான் போட்ட முனை ஒன்று உண்மையிலேயே கழன்றுகொண்டது, அன்றைக்கு மேடம் சொன்னார், இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா தங்கச்சிய வீட்டுல விட்டுட்டு நீங்க மட்டும் வாங்க என்று. அண்ணன் தலையை ஆட்டினான், வண்டியில் திரும்பும்போது, "இன்னும் ஒரே தடவைதான், அப்புறம் என்னால முடியாது" என்றான். வீடு என்றால் அண்ணியின் வீடு. அங்கே நான் நின்றாலும் இடைஞ்சல், உட்கார்ந்தாலும் இடைஞ்சல், இத்தனைக்கும் அண்ணி ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, நான் இருக்கிற அறைக்குள் வந்ததும் எதற்கு வந்தோம் என்று மறந்துபோனவள் மாதிரி திரும்பிப் போய்விடுவாள், அவ்வளவுதான். இந்த ஒரு முழச் சந்தில் மட்டும்தான் என் உடம்பு சரியான அளவில் இருக்கிறது. இதையும் நாளையிலிருந்து விட வேண்டுமா, இந்த எட்டுக் கம்பிக்காகவா, நாலாவது தடவை வெட்டினால் கேபிளின் நீளம் போதுமா…

"டார்ச்சைக் கொஞ்சம் இடது பக்கம் பிடி" என்றான் அண்ணன், அலமாரியின் மேல் கவிழ்ந்து தலையை நீட்டிப் பார்த்தபடி. பிடித்தேன். "இடதுடி." இடதுதானே பிடிக்கிறேன். "ஐயோ, என் இடதுடி, உன் இடது இல்ல!" சரி என்று நகர்த்தினேன், வெளிச்சம் சுவரில் ஊர்ந்தது, என் கை அப்படியே நின்றுவிட்டது… காலையிலும் இப்படித்தான் கவிழ்ந்து பார்த்தான். சர்வரின் முதுகில் இரண்டு துளை, ஒன்று கவுன்ட்டருக்கு, ஒன்று பக்கத்து அறையில் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கிற பெட்டிக்கு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கிறார்கள், மாறினால் ஒன்றுக்கொன்று அடையாளம் தெரியாது, விளக்கு மட்டும் எரியும். பழைய கேபிள்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை மேலிருந்து படித்து, "இடது கவுன்ட்டர், வலது நகல் பெட்டி, கவுன்ட்டருக்குப் போற நீலக் கேபிளை இடதுல போடு, மஞ்சளை வலதுல" என்றான். போட்டேன். என் இடதில் போட்டேன். யாருடைய இடது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, சின்ன வயதிலிருந்து ஒரே தட்டில் சாப்பிட்டவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அப்படியானால் என் முனைகளில் ஒரு குறையும் இல்லை, மூன்று தடவையும் நல்ல முனையைத்தான் வெட்டி எறிந்திருக்கிறேன்… நீலத்தைப் பிடுங்கினேன், மஞ்சளைப் பிடுங்கினேன், மாற்றிச் செருகினேன்.

லேப்டாப்பில் சர்வரின் பதில் வரத் தொடங்கியது, வரி வரியாக. வெளியே யாரோ "வந்துருச்சு, வந்துருச்சு" என்று கத்தினார்கள். நான் சந்திலிருந்து பக்கவாட்டில் ஊர்ந்து வெளியே வந்தேன், முடியெல்லாம் தூசி. அண்ணன் மறுபடி கவிழ்ந்து கேபிள்களைப் பார்த்தான், நீலத்தைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், புரிந்துவிட்டது, அவன் காது மடல் சிவந்துவிட்டது. மேடம் உள்ளே வந்து, "அப்படி என்னதாங்க பிரச்சினை?" என்றார். அண்ணன் வாயைத் திறந்தான்.

"நான்தான் மேடம், மாத்தி மாட்டிட்டேன்."

என் குரல்தான் அது. என்னை யாரும் கேட்கவில்லை. "நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றார் மேடம், என்னிடம் இல்லை, அண்ணனிடம். அவன் திறந்த வாயை மூடிக்கொண்டான், குனிந்து லேப்டாப் வயரைச் சுற்ற ஆரம்பித்தான், ஒரு தடவை சுற்றியதையே பிரித்து மறுபடி சுற்றினான். நான் தரையில் கிடந்த துண்டுக் கம்பிகளைப் பொறுக்கினேன், ஆரஞ்சு, பச்சை, பிரவுன்… அவன் என்ன சொல்ல வாயைத் திறந்தான்? 'என் தப்பு' என்றா, 'அவதான்' என்றா? வண்டியில் போகும்போது கேட்கலாம், நல்லதாக ஒன்றைச் சொல்வான், இனிமேல் சொன்னால் அது கணக்கில்லை. அவனைக் காப்பாற்றத்தான் முந்திக்கொண்டேனா… இல்லை, அவன் சொல்லப்போவது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குள் எதுவோ முடிவு செய்துவிட்டதா?