எஞ்சின் விட்ட ஏப்பம்

பழைய கார் வாங்கியவனுக்கு நிம்மதி ஏது? சின்னக் காஞ்சிபுரத்து வக்கீல் கிருஷ்ணஸ்வாமி ஐயங்காருக்குச் சென்னையில் யாரோ ஓட்டித் தேய்த்த கார் ஒன்று வாய்த்திருந்தது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துபோனதால் எரிந்த புகை கீழே இறங்கி, எண்ணெய் இருக்கும் எஞ்சின் வயிற்றை நிரப்பும். அங்கிருந்து ஒரு குழாய் வழியாக வெளியேறும். அதில் பாதி, கால் வைக்கும் பலகையின் இடுக்கில் நுழைந்து காருக்குள்ளேயே வந்துவிடும்.

"ஒண்ணுமில்லை, எஞ்சின் ஏப்பம் விடறது" என்று மனைவி ஹேமாம்புஜத்திடம் கேலியாகச் சொல்லி வைத்திருந்தார். வளையத்தை மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

ஒருநாள் காலையில் தென்னேரியிலிருந்து ஆள் வந்தது. ஹேமாம்புஜத்தின் அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது. பெருமாள் தீர்த்தம் வாயில் படாமல் போகமாட்டேன், அதையும் ஹேமா கையால்தான் விடவேண்டும் என்கிறாராம். அவள் தலைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு, மடிப்புடவை கட்டி, வரதர் கோயிலில் தீர்த்தமும் துளசியும் வாங்கி வந்தாள். ரயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை.

எஞ்சினைக் கிளப்பியதுமே புகை நாறியது. வெள்ளிச் சொம்பை அணைத்துக்கொண்டு அவள் ஏறாமல் நின்றாள்.

"ஏன்னா, இந்தப் புகையிலயா தீர்த்தத்தை எடுத்துண்டு போறது?"

"சொம்பை மூடிக்கோ."

"ஏப்பம்னு நீங்கதானே சொன்னேள்? ஏப்பம்னா எச்சல்தானே. எச்சல் பட்ட தீர்த்தத்தை அப்பா வாயில விடுவேனா? அந்தக் குழாயை அடைச்சுடுங்கோ."

"அடைக்கப்படாதுடி. கொதிக்கிற பானையை இறுக மூடினாப்போல ஆயிடும்."

"தென்னேரி வரைக்கும்தானே."

அவள் கண் கலங்கியதும் வக்கீலின் வாதமெல்லாம் போன இடம் தெரியவில்லை. துணியைச் சுருட்டிக் குழாய் வாயில் திணித்தார். புகை அதைத் தள்ளிவிடக் கூடாதே என்று எதிர்வீட்டுத் தறிக்காரரிடம் முறுக்குப் பட்டுநூல் வாங்கி இறுக்கிக் கட்டினார். சணலாக இருந்தால் பாதி வழியில் அறுந்து காப்பாற்றியிருக்கும். காஞ்சிபுரத்துப் பட்டு அறுந்து தொலைக்குமா?

வாலாஜாபாத் வரை காருக்குள் புகையே இல்லை. ஹேமாம்புஜத்தின் முகம் தெளிந்திருந்தது. வெளியேற வழியில்லாத புகையோ எஞ்சினுக்குள் முட்டி, மூட்டு இடுக்குகள் வழியாக எண்ணெயைச் சாலையில் தள்ளிக்கொண்டே வந்தது. ஊரைத் தாண்டியதும் எஞ்சினில் தட்டல் கேட்டது. அப்போதாவது அவர் நிறுத்தியிருக்கலாம். கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டினார். தென்னேரி ஏரிக்கரை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எண்ணெய் வற்றிய எஞ்சின் இறுகி நின்றது.

கிருஷ்ணஸ்வாமி இறங்கிப் பார்த்தார். வந்த வழி நெடுக எண்ணெய்க் கோடு.

"தெரிஞ்சிருந்தும் அடைச்சேனே" என்றார்.

அதற்குள் அவள் சொம்போடு நடக்கத் தொடங்கிவிட்டாள். ஓடினால் தீர்த்தம் சிந்தும். ஓடாமல் நடக்கவும் பொறுக்கவில்லை. அடைக்கச் சொன்ன தன் வாயை வழியெல்லாம் சபித்துக்கொண்டே போனாள்.

அப்பா வீட்டு வாசலில் பொன்னியம்மாள் நின்றிருந்தாள். அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்குப் பயிரிடுகிற வீட்டுப் பெண். அவள் முகத்தைப் பார்த்ததுமே ஹேமாம்புஜத்துக்குப் புரிந்துவிட்டது.

"இப்பத்தாம்மா போனாரு. தூரத்துல கார் சத்தம் கேட்டுச்சு. 'ஹேமா வந்துட்டா'ன்னாரு. அப்பறம் சத்தமே காணோம். சமையக்காரரு வைத்தியரக் கூட்டியாரப் போயிட்டாரு. வூட்ல வேற யாருமில்ல. தொண்ட காஞ்சு தவிச்சுக்கினு இருந்தாரும்மா. எனக்கு மனசு கேக்கல."

பொன்னியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏரித் தண்ணியக் கொண்டாந்து, 'அப்பா, தீர்த்தம்'னு சொல்லி நான்தான் வாயில ஊத்தினேன். கண்ணு சரியா தெரியல இல்ல, என் கைய உங்க கைன்னு புடிச்சிக்கினாரு. அப்படியேதான் போனாரு. நான் செஞ்சது தப்பாம்மா?"

ஹேமாம்புஜம் சொம்பைத் தரையில் வைத்தாள். மடியாக இருப்பவர்கள் மேல் பட்டுவிடக் கூடாதே என்று பொன்னியம்மாள் பின்வாங்கினாள். ஹேமாம்புஜம் எட்டி அவள் வலது கையைப் பிடித்தாள்.

"இந்தக் கையா?"

"ஆமாம்மா."

அந்தக் கையைத் தன் முகத்தில் பொத்திக்கொண்டு, வாசலிலேயே உட்கார்ந்து, "அப்பா, நான் வந்துட்டேன்" என்று சொல்லி அழுதாள்.