உப்புக்கொத்தி

உலகத்தில் இல்லாத ஒரு பறவை கலைக்களஞ்சியத்தின் ஏழாம் தொகுதியில் வெகுகாலமாகக் குடியிருந்தது. பெயர் உப்புக்கொத்தி. மழை வந்தால் பின்பக்கமாக நடக்குமாம். காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்கப் பழைய பதிப்பாசிரியர்கள் வைத்த பொறி அது.

தொகுதிகளை இணையதளத்தில் ஏற்றும் வேலை பட்டாசின் தலையில் விழுந்தது. அவள் வாய்க்குப் பயந்து அலுவலகம் வைத்த பெயர். அந்தப் பொய்யை எடுத்துவிடச் சொன்னார் தலைமைப் பதிப்பாசிரியர். அச்சில் ஒருவன் திருடினால் இணையத்தில் ஊரே திருடும், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று மல்லுக்கு நின்றாள். அவர் மசியவில்லை. சரியென்று தலையாட்டினாள், எடுக்கவில்லை.

இப்போது அலுவலகமே ஆட்டம் கண்டிருந்தது. எதைக் கேட்டாலும் கைபேசிச் செயலி பதில் சொல்லும்போது களஞ்சியத்தை யார் தேடுகிறார்கள்? களஞ்சியத்திலிருந்து எடுத்துத்தான் அது பதில் சொல்கிறது என்று சந்தேகம்; அந்த நிறுவனம் உரிமக் கட்டணம் கட்டினால் பிழைக்கலாம். இல்லையென்றால் மாதக் கடைசியில் பூட்டு. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். உலகத்துக்கே விவரம் எழுதுவது என் மகள்தான் என்று அப்பா தெருவெல்லாம் தமுக்கடித்து வைத்திருந்தார். வேலை போனால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

செயலி நிறுவனத்தின் மேலாளர் பேச வந்தார். எல்லாம் நாங்களே பாடுபட்டுத் திரட்டியது, உங்களிடமிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை என்று நாற்காலியில் சாய்ந்தார். தலைமைப் பதிப்பாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“சார், உங்க ஆப்கிட்ட ஒண்ணு கேக்கலாமா? உப்புக்கொத்தி மழையில என்ன பண்ணும்?”

மேலாளர் கைபேசியை மேசைமேல் வைத்தார். தேன் ஒழுகும் குரலில் அது சொன்னது, பின்பக்கமாக நடக்கும் என்று.

“பாத்தீங்களா, எங்ககிட்ட இல்லாததே இல்ல.”

“இருக்கும் சார். அது எங்க ஆளுங்க கட்டிவிட்ட கதை. அந்தப் பறவை ரெண்டே எடத்துலதான் இருக்கு. ஒண்ணு எங்க வீடு, இன்னொண்ணு உங்க வீடு.”

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சாயங்காலத்துக்குள் ஒப்பந்தம் கையெழுத்தானது. கட்டணம் வரும், ஒவ்வொரு பதிலின் கீழும் களஞ்சியத்தின் பெயரும் வரும்.

தலைமைப் பதிப்பாசிரியர் அவள் மேசைக்கு வந்தார். மெமோதான் என்று நினைத்தாள்.

“எடுன்னு சொன்னேனேம்மா.”

“சொன்னீங்க சார்.”

“அப்ப எடு. எந்தப் புள்ளயாவது பரீட்சையில எழுதி வச்சிடப்போகுது.” மீசைக்குள் சிரிப்பு ஒளிந்திருந்தது.

இத்தனை நாளும் அவளை உறுத்தியதும் அந்தப் பயம்தான். அச்சு என்றால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும். இங்கே ஒரு பொத்தான். பறவை போயே போய்விட்டது. நிம்மதியாக மூச்சு விட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

“வேலை இருக்குப்பா. தெருவுல சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்.”