இரண்டு கெட்டில் பனி

"மேட்டுல பனி முழங்காலுக்குக் கீழேதான் கிடக்கு. காட்டுல இடுப்பு வரைக்கும். மானுக்கு எது தோண்ட சுலபம், சொல்லுடி!"

"ஆழத்தை மட்டும் பார்த்தா போதுமா அண்ணே? இறுக்கம் பார்க்க வேண்டாமா?"

ஆஸ்லாக்கும் அவன் தங்கை ரிஸ்தெனும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோதுதான் நான் அவர்கள் குடிசைக்குள் நுழைந்தேன். சர்க்கரை கேட்கப் போனேன். என் வீட்டில் சர்க்கரை இருந்தது என்பது வேறு விஷயம்.

இருவரின் பனிமான்களும் ஒரே மந்தையில்தான் மேய்ந்தன. காதில் வெட்டிய அடையாளம் மட்டும் வேறு. நவம்பரில் அந்த மொட்டை மேட்டில் பனி மாவு மாதிரி கிடந்தது. மான்கள் குளம்பால் தள்ளிவிட்டு அடியிலிருந்த பாசியைத் தின்றன. பிப்ரவரிக்குள் காற்று அதை அடித்து அடித்துப் பாறையாக்கிவிட்டது. ரிஸ்தெனின் பெண்மான்கள் அத்தனையும் சினை. இப்படியே பட்டினி கிடந்தால் மே மாதம் கன்று ஏது? அண்ணனுக்கோ, அந்தக் காட்டில் மந்தை மேய்க்கும் இஸ்ஸாத் என்ற இளைஞனிடம் இடம் கேட்டு நிற்பது மானக்கேடு.

ரிஸ்தென் காட்டிலிருந்து கொண்டுவந்த பனியை ஒரு கெட்டிலில் நிரப்பினாள். மேட்டுப் பனியைக் கோடரியால் கொத்தி இன்னொன்றில் திணித்தாள். இரண்டையும் அடுப்பில் வைத்தாள். காட்டுப் பனி உருகிக் கெட்டிலின் அடியை மூடியது, அவ்வளவுதான். மற்றதில் பாதிக்குத் தண்ணீர்.

"பாரு! இதைத்தான் என் மானுங்க காலால உடைக்குதுங்க. குளம்புல ரத்தம்."

ஆஸ்லாக் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"உன் நாற்பத்தேழு மானுக்காக நான் இஸ்ஸாத் கால்ல விழணுமா?" என்று கத்தினான்.

பனிமான் மேய்க்கும் எங்களிடையே ஒருவரின் மான் எண்ணிக்கையைக் கேட்பதே அசிங்கம். வெளியாள் முன்னால் அதைச் சொல்வது துணியை உருவுவது மாதிரி. நான் அறுபது இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"காதுல விழுந்துச்சில்ல அக்கா? கிளம்புங்க, ஊரெல்லாம் சொல்லணுமே," என்றாள் ரிஸ்தென். பிறகு கெட்டில் தண்ணீர் முழுவதையும் அண்ணனின் அடுப்பில் கொட்டி நெருப்பை அணைத்தாள்.

மறுநாளே தன் மான்களைப் பிரித்துக் காட்டுக்கு ஓட்டிப்போனாள். இஸ்ஸாத்திடம் அவளே கேட்டாள். மே மாதம் அவள் மந்தையில் கன்றுகள் துள்ளின. மேட்டில் செத்தவற்றை எண்ணுவது அசிங்கம். பத்தொன்பது.

அடுத்த ஈஸ்டரில் ரிஸ்தென் இஸ்ஸாத்தைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்லாக் மிச்ச மான்களை விற்றுவிட்டுக் கடலோரம் போய் மீன் ஆலையில் சேர்ந்தான். கல்யாணத்துக்கு வரவில்லை. அவனைக் கூப்பிட்டாளா என்று ரிஸ்தெனிடமே கேட்டேன். சர்க்கரைப் பொட்டலத்தை என் கையில் திணித்துக் கதவைச் சாத்திவிட்டாள்.