ஐந்து கால் மானும் பதினேழு ஸ்வெட்டரும்

சூரியன் கைநீட்டி உச்சந்தலையில் குட்டுகிற ஒரு தீவில், நட்டநடுப் பகலில், பதினேழு கம்பளி ஸ்வெட்டர் விற்றவள் நான். கெஞ்சிக் கூத்தாடி விற்கவில்லை. வரிசையில் நின்று, முண்டியடித்து, "எனக்கு முதல்ல" என்று வாங்கிப் போனார்கள்.

சிரியுங்கள். முப்பத்தெட்டு வருடம் ஸ்வெட்டர் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், வீட்டில் பொழுது போகாமல் அளக்கிறாள் என்றுதானே நினைக்கிறீர்கள்? நான் அளப்பவள்தான். எங்கள் வீட்டு எலியைக் கூடப் பெருச்சாளி ஆக்கித்தான் சொல்வேன். ஆனால் இந்த ஸ்வெட்டர் விஷயத்தில் ஒரு நூல்கூட நான் கூட்டவில்லை. வெயிலை வேண்டுமானால் கொஞ்சம் கூட்டியிருப்பேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் ஊர் குளிர் ஊர். குளித்துவிட்டு வாசலுக்கு வந்தால் தலைமுடி விறைத்துவிடும்; அதை வைத்தே ஆணி அடிக்கலாம். வீட்டின் முன்னறைதான் பட்டறை. இரண்டு பின்னல் மெஷின், ஒன்று அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. அண்ணனுக்கு வீட்டில் 'சாட்சி' என்று பெயர். மழை பெய்கிறது என்றால்கூட "சாட்சி இருக்கா?" என்பான்.

வெளியூர் மில் ஒன்றில் எனக்கு டிசைன் வேலை கிடைத்தது. தங்குவதற்கு அறையும் தருகிறார்கள். முதல் தேதி சேர வேண்டும். அண்ணன் ஒரே பிடியாக நின்றான்.

"இவளா? தனியாவா? நாலு தெரு தாண்டினா வழி கேட்டு அழுவா!"

எனக்கு வந்ததே கோபம். பட்டறைச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. நீலக்கடல், வெள்ளை மணல், சாய்ந்த மரங்கள். ஐந்து வருடமாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. காலண்டரைக் காட்டினேன்.

"இங்க போய்ட்டு வரேன். தனியா. பத்து நாள்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் மெஷினிலிருந்த நூல் அறுந்தது. அம்மாதான் தீர்ப்புச் சொன்னாள். "போய்ட்டு வரட்டும். நடுவுல ஒரு தடவை போன் பண்ணி உதவி கேட்டாலோ, அங்க யார்கிட்டயாவது கைநீட்டினாலோ, மில்லு வேலைய மறந்துடணும். சரியா?"

"சரி" என்றேன். பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை.

புறப்படுவதற்கு முந்தைய நாள் ஒரு சின்ன சண்டை. அண்ணன் கடைக்கு அனுப்ப இருபத்து நான்கு மாதிரி ஸ்வெட்டர் பின்னி முடித்திருந்தான். மார்பில் ஒரு மான். டிசைன் அட்டையில் துளை போட்டு மெஷினில் மாட்டினால் மான் தானாக வரும். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன்.

"அண்ணா, உன் மானுக்கு அஞ்சு காலு."

"எண்ணத் தெரியாதா உனக்கு? நாலுதான்."

"அட்டையில ஒரு துளை கூடுதலா போட்டுருக்க."

"என் அட்டையில தப்பு வராது" என்று பெட்டியை மூடிவிட்டான்.

இந்தப் பெட்டிதான் வம்பு. ஒரே கடையில் ஜோடியாக வாங்கிய இரண்டு பழுப்புப் பெட்டி, இரண்டுக்கும் ஒரே சாவி. ஒன்றில் அவன் ஸ்வெட்டர், ஒன்றில் என் துணி. விமான நிலையத்தில் பெட்டி மாறிவிடும் என்று பயந்த அம்மா அடையாளத்துக்குச் சிவப்பு நூல் குஞ்சம் கட்டினாள். என் பெட்டிக்குக் கட்டினாள். எங்கள் பட்டறைச் சரக்குக்கும் அதே சிவப்புக் குஞ்சம்தான் எப்போதும் கட்டுவோம். விடியற்காலை இருட்டில் குஞ்சத்தைத் தடவிப் பார்த்து, 'இதுதான் நம்மது' என்று தூக்கிக்கொண்டு போனேன். கனமாகத்தான் இருந்தது. அம்மா எதையாவது திணித்திருப்பாள் என்று நினைத்தேன்.

தீவில் இறங்கினால் காற்றே கொதிக்கிறது. தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை எடுத்தேன். சுவரெல்லாம் சுண்ணாம்பு, ஒரு கட்டில், கிறீச்சிடும் மின்விசிறி. முதலில் கடலில் கால் நனைக்க வேண்டும் என்று பெட்டியைத் திறந்தேன்.

இருபத்து நான்கு மான்கள் என்னை நிமிர்ந்து பார்த்தன. நூற்று இருபது கால்களோடு.

துணி போனால் போகட்டும். என் பயணப் பணம் முழுவதையும் திருடனுக்குப் பயந்து அம்மா என் பூப்போட்ட பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்திருந்தாள். அந்தப் பாவாடை எங்கள் ஊரில், ஏதோ கடைக்காரர் மேசையில் இருக்கும். என் கைப்பையில் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், ஒரு நாள் வாடகை. அவ்வளவுதான்.

விடுதிக்காரம்மா வந்தார். நாலு ஆள் உயரம், குரல் எட்டு ஆள் உயரம். தீவுக்காரர்களுக்கும் எனக்கும் பாதி பாதி தெரிந்த ஒரு பாஷையில் பேசினோம். நம் பேச்சிலேயே சொல்கிறேன்.

"பொண்ணு, நாளைக்குச் சாயங்காலம் பத்து நாள் வாடகையும் வந்துரணும். இல்லேன்னா அறைய காலி பண்ணு. வீட்டுக்குப் போன் பண்ணுறியா? அதோ இருக்கு."

மேசைமேல் கறுப்புப் போன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் அந்தப் பக்கம் ரிசீவர்மேல் கை வைத்தபடி சிரித்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். பிறகு கேட்டபோது, உண்மையிலேயே அப்படித்தான் உட்கார்ந்திருந்தானாம். கடைக்காரர் முன்னால் பெட்டியைத் திறந்து, என் பாவாடையை 'மாதிரி' என்று விரித்துக் காட்டியதிலிருந்து பத்து நாளும் போன் பக்கத்திலேயே சாப்பாடு.

"போன் வேண்டாம்மா. நாளைக்குச் சாயங்காலம் தரேன்" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் நாலு ஸ்வெட்டரைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். தோளில் போட்டதும் நானே பாதி உருகிவிட்டேன். பழக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து விசிறியை நிறுத்திவிட்டார்.

"என்னம்மா இது?"

"ஸ்வெட்டருங்க. சுத்தக் கம்பளி."

"எதுக்கு? சூரியனுக்குக் குளிருதாமா?"

தெருவே சிரித்தது. மரத்திலிருந்த காக்கைகூடச் சிரித்ததாகத்தான் எனக்கு ஞாபகம். நான் நிற்கவில்லை. எங்காவது, யாருக்காவது குளிராமலா இருக்கும் என்று நடந்தேன். துறைமுகச் சாலை முடிவில் ஒரு நீளமான கட்டடம். ஜன்னலே இல்லை. தடித்த கதவு திறந்தது. வெள்ளைப் புகை வெளியே வந்தது. புகைக்குள்ளிருந்து மனிதர்கள் வந்தார்கள். அந்த வெயிலில், புருவத்தில் பனித்தூளோடு, உடம்பில் சாக்குப்பை சுற்றிக்கொண்டு, பல் கிடுகிடுக்க!

மீன் உறைய வைக்கும் கிடங்கு. எனக்கு அந்தக் கதவு கோயில் கதவு மாதிரித் தெரிந்தது.

மேஸ்திரி ஒரு ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடினார். அப்படியே தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா ஆகாது."

"ஏண்ணே?"

"கை மணிக்கட்டத் தாண்டி வருது பாரு. ஈரப் பெட்டியத் தூக்குறப்போ கை நுனி நனையும். உள்ளே போனா அது ஐஸாயிடும். வெரலு போயிடும். அதான் சாக்கு சுத்துறோம், சாக்குக்குக் கை கிடையாது."

"நாலு விரல் குறைச்சுத் தந்தா?"

"வெட்டினா பிரிஞ்சுராதா?"

"எங்க பட்டறையில தோள்ல தொடங்கி கை நுனியில முடிப்போம்ணே. நுனியிலிருந்து உருவினா வேணுங்கற இடத்துல நிறுத்தி மூடிடலாம். எத்தனை பேரு நீங்க?"

"பதினேழு. மதியம் ரெண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட். அதுக்குள்ள முடிப்பியா?"

மணி எட்டு. பதினேழு ஸ்வெட்டர், முப்பத்து நான்கு கை. "முடிப்பேன்" என்றேன். பின்னல் ஊசி இல்லை என்பது சொன்ன பிறகுதான் நினைவு வந்தது. அந்த ஊரில் பின்னல் ஊசி கேட்டால் கடல்நீரில் விளக்கேற்றக் கேட்ட மாதிரிப் பார்ப்பார்கள். விடுதிக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை. பழைய சக்கரக் கம்பி நாலு கிடந்தது. கடைக்காரரிடம் சும்மா வாங்கினால் கைநீட்டியது ஆகிவிடுமே? அவர் இருக்கையின் கிழிந்த உறையை அங்கே கிடந்த கோணி ஊசியால் தைத்துக் கொடுத்துவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டேன். விடுதிப் படிக்கல்லில் தேய்த்து முனை ஏற்றினேன்.

பிறகு உட்கார்ந்தேன் பாருங்கள், எழுந்திருக்கவே இல்லை. நுனியை உருவு, கண்ணிகளைக் கம்பியில் ஏற்று, ஒவ்வொன்றாக மூடு, முடிச்சுப் போடு, அடுத்தது. மடியில் கம்பளி, மேலே வெயில். என் வியர்வையில் மான்களெல்லாம் நீந்தின. பத்து கை முடிந்ததும் விரல் எரிந்தது. இருபதில் மரத்துப்போனது. விடுதிக்காரம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"இந்த வெயில்ல கம்பளி பின்னுறியே, உனக்குப் பைத்தியமா?"

"சாயங்காலம் வாடகை தரும்போது சொல்றேம்மா."

அவர் உள்ளேயிருந்து ஒரு மேசை மின்விசிறியைத் தூக்கி வந்து என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கேட்கவில்லை; அதனால் அது கைநீட்டியதில் சேராது.

ரெண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓடினேன். கிடங்கு வாசலில் பதினேழு பேரும் நின்றார்கள். அந்த வெயிலில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, கதவு எப்போது திறக்கும் என்று தவித்தார்கள். கதவு திறந்தது. பதினேழு மான்களும் பனிக்குள் ஓடின. ஒரு மணி நேரம் கழித்து மேஸ்திரி வெளியே வந்தார். மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். உலர்ந்திருந்தது. பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விடுதிக்காரம்மாவிடம் வாடகையைக் கொடுத்தேன். மீதி ஏழு ஸ்வெட்டரையும் சாப்பாட்டுக்கு ஈடாக அவரே எடுத்துக்கொண்டார். பிறகு போட்டிருந்த துணியோடு கடலுக்குள் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. எங்கள் ஊரில் வெந்நீர் போட்டாலும் அந்தச் சூடு வராது. மீதி எட்டு நாளும் நான் கரைக்கு வந்ததே உப்பு உலர்த்தத்தான்.

ஊருக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். அண்ணன் மெஷினை நிறுத்தவே இல்லை.

"வெயில் ஊர்ல ஸ்வெட்டரு வித்தியா? கதை விடு. யார்கிட்டயோ கைநீட்டிட்டு, என் சரக்கக் கடல்ல போட்டுட்டு வந்திருக்க."

"உன் மானுக்கு அஞ்சு கால் இருந்ததையும் கடல்ல போட்டுட்டேனா?"

"அஞ்சு காலா? எங்க? சாட்சி இருக்கா?"

அட்டை மாறியிருந்தது. புது மானுக்குப் பளிச்சென்று நாலே கால். சரக்கு போனதில் அவன் தப்பும் சேர்ந்து போய்விட்டது. அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "நான் யாரை நம்புறது? முதல் தேதிக்குள்ள ஏதாவது காட்டு" என்றாள்.

நான் அன்றே மேஸ்திரிக்குக் கடிதம் போட்டேன். தினமும் தபால்காரருக்கு முன்னால் வாசலில் போய் நின்றேன். முதல் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே ஒரு கடிதம், ஒரு போட்டோ. கிடங்குக் கதவு, பக்கத்தில் சாய்ந்த மரம், பதினேழு பேர், பதினேழு ஸ்வெட்டர். எல்லா ஸ்வெட்டருக்கும் கை நாலு விரல் குட்டை.

அண்ணன் வாங்கிப் பார்த்தான். "இது நம்ம ஸ்வெட்டரே இல்ல. நம்ம மானுக்கு நாலு கால்."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எண்ணினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு... அஞ்சு."

"அது ஐஸ் தூள் ஒட்டியிருக்கும்மா."

"பதினேழு மானுக்கும் ஒரே இடத்துலயாடா?"

நான் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். இன்னும் முப்பது ஸ்வெட்டர் வேண்டுமாம். கை நாலு விரல் குறைத்து. கடைசி வரி: 'மானை மாத்திடாதீங்க தங்கச்சி. அஞ்சு கால் மான் வந்ததிலேர்ந்து ஒருத்தரும் உள்ள வழுக்கி விழல.'

அண்ணன் எழுந்தான். மெஷினுக்கு அடியில் கையை விட்டு, தூசி படிந்த பழைய அட்டையை உருவி மேசைமேல் வைத்தான். மான் வயிற்றுக்குக் கீழே, கூடுதலாக ஒரு துளை. என்னைப் பார்க்காமல் பரணிலிருந்து என் பெட்டியை இறக்கினான். அலமாரியில் எதையோ தேடினான். பச்சை நூல்.

"மில்லுக்காவது ஒழுங்கான பெட்டிய எடுத்துட்டுப் போ" என்று கைப்பிடியில் குஞ்சம் கட்டினான்.

"அண்ணா, இன்னும் நீ ஒண்ணு சொல்லல."

முடிச்சை இறுக்கினான். ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

"நடந்திருக்குடி. நீ சொன்ன மாதிரியே நடந்திருக்கு. போதுமா?"